மேப்லித்தோ தாளில் யானைமலை

நூலுக்கு வாஷ் ஓவியம் (மையைத் தண்ணீரில் நீர்த்துச் சாம்பல் சாயல்களாகப் பூசும் படம்) வரைபவர் முதலில் கேட்க வேண்டியது, எந்தத் தாளில் அச்சடிக்கப் போகிறீர்கள் என்பதைத்தான். மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளைப் பற்றிய ஒரு நூலுக்கு யானைமலையை மையில் வரைந்து தரும்படி பதிப்பாளர் கேட்டபோது நானும் அதைத்தான் கேட்டேன். டெமி அளவு (பக்க அகலம் 5.5 அங்குலம்), 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) நேச்சுரல் ஷேடு மேப்லித்தோ என்னும் பூச்சில்லாத புத்தகத் தாள், கறுப்பு ஒன்றே நிறம், படம் இரட்டைப் பக்கத்தில் ஓரம்வரை போகும் என்றார். படத்தை மட்டும் ஆர்ட் பேப்பரில் தனியாக அச்சடித்துச் செருகலாமே என்று நூலாசிரியர் ஆசைப்பட்டார். பைண்டிங் செலவு கூடும், நூலின் விலை ஏறும் என்று பதிப்பாளர் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கும் அதுவே சரியென்று பட்டது. எழுத்து இருக்கும் தாளிலேயே படமும் இருந்தால், வாசிப்பவர் கண் எங்கும் இடறாமல் பத்தியிலிருந்து மலைக்குப் போய்விடும்.

ஆனால் மேப்லித்தோ தாள் வாஷ் ஓவியத்திடம் இரக்கம் காட்டாது. மையில் தண்ணீரைக் கலந்து கலந்து நாம் உண்டாக்கும் சாம்பல்கள் அச்சில் கிடையாது. அங்கே இருப்பது ஒரே கறுப்பு. அதைச் சின்னதும் பெரியதுமான புள்ளிகளாகச் சிதற வைத்துத்தான் சாம்பல் என்று கண்ணை நம்ப வைக்கிறார்கள். பூச்சில்லாத தாள் மையை உறிஞ்சுவதால் ஒவ்வொரு புள்ளியும் வீங்குகிறது. அச்சுத் தகடான பிளேட்டில் 50 சதவீதமாக இருந்த சாம்பல் தாளுக்கு வரும்போது 70 சதவீதத்தை ஒட்டிப் போய்விடும். மறுமுனையில் மெல்லிய சாம்பல்களின் நுண்புள்ளிகள் தாளின் சொரசொரப்பில் பிடிக்காமல் உதிர்ந்துவிடும்.

படத்தை உலோக அச்சாக, அதாவது பிளாக்காக, எடுத்து அச்சடித்த காலத்தில் இந்தத் தொல்லை இன்னும் கடுமையாக இருந்தது. பேனாக் கோட்டோவியத்துக்கு லைன் பிளாக் போதும். வாஷ் ஓவியத்துக்குச் சாயலைப் புள்ளிகளாக்கும் ஹாஃப்டோன் பிளாக் எடுக்க வேண்டும். செலவு கூடுதல், மட்டமான தாளில் புள்ளிகள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும். அந்தக் காலத்துப் பத்திரிகை ஓவியர்கள் பலர் நிழலைக்கூடப் பேனாக் கோடுகளாலேயே அடுக்கியதற்கு இதுவும் ஒரு காரணம். ஓவியர் சில்பியின் கோயில் சிற்ப ஓவியங்களைப் பார்க்கும்போதெல்லாம் கல்லின் கனத்தைக் கறுப்பு மையில் எப்படிக் கொண்டுவந்தார் என்று வியந்துபோவேன். அதற்கும் முன்னால், 1792இல் தென்னாட்டுப் பக்கம் வந்து கோட்டைகளையும் கோயில்களையும் மலைகளையும் வரைந்துபோன தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் லண்டனில் அவற்றை அக்குவாடின்ட் முறையில் பதித்தார்கள். செப்புத் தகட்டில் பிசின் தூளைத் தூவி அமிலத்தால் அரித்து நுண்மணிகளாகச் சாயலை உண்டாக்கும் முறை அது. வாஷ் ஓவியத்தின் மென்மையைத் தாளுக்குக் கடத்த வேண்டும் என்ற தேவைதான் அதற்குப் பின்னால் இருந்தது.

அதனால் மலையை வரைவதற்கு முன் வெறும் கட்டங்களைத்தான் வரைந்தேன். வெள்ளையிலிருந்து முழுக் கறுப்புவரை ஒன்பது கட்டங்கள், ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு. அதை ஸ்கேன் செய்து கொடுத்தேன். அதே தாளில் வேறொரு வேலை ஓடிக்கொண்டிருந்தது. வெட்டிப் போடவிருந்த ஓரத்தில் என் கட்டங்களையும் சேர்த்து அடித்துக் கொடுத்தார்கள். மெஷின் ஓட்டுபவர் லூப் என்னும் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, “அண்ணே, வெள்ளைக்குப் பக்கத்தில் இருக்கும் கட்டத்தை மறந்துவிடுங்கள். கடைசி மூன்றும் ஒன்றுதான்” என்றார். அவர் சொன்னதே அளவுகோல் ஆயிற்று. வெள்ளையையும் முழுக் கறுப்பையும் தவிர்த்தால் நடுவில் தெளிவாகப் பிரிந்து நிற்பவை நான்கு சாம்பல்கள் மட்டுமே. முழு மலையையும் அந்த நான்கில் கட்ட வேண்டும்.

இது குறைபாடு என்று நான் நினைக்கவில்லை. டோன்களை, அதாவது சாயல் படிகளை, குறைத்தால் ஓவியம் உறுதிப்படுகிறது. இருபது சாம்பல்களைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தடவுகிறவர் எதையும் முடிவு செய்வதில்லை. நான்குதான் என்றால், இந்தப் பாறை அந்த வயலைவிட இருட்டா வெளிச்சமா என்று ஒவ்வொரு இடத்திலும் தீர்மானித்தே ஆக வேண்டும்.

யானைமலை மதுரைக்கு வடகிழக்கே, மேலூர் சாலையில் ஒத்தக்கடையை ஒட்டி, சுமார் 3 கிலோமீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிறது. மதுரையை அழிக்க ஏவப்பட்ட யானை கல்லானது என்பது திருவிளையாடல் கதை. சம்பந்தர் பாடலில் ஆனைமாமலை என்று வருவது இதுதான். மேலே சமணத் தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்களும் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டும், அடிவாரத்து நரசிங்கத்தில் பாறையைக் குடைந்த நரசிம்மர் குடைவரையும் இருக்கின்றன. அந்தக் குடைவரை பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி தொடங்கியது. அவர் இறந்தபின் தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்து முடித்தார். காலம் பொ.ஆ. 770. என் படம் அந்தக் குடைவரையைப் பேசும் அத்தியாயத்தின் வாசலில் நிற்க வேண்டியது. ஆகவே குடைவரையைப் படத்தில் காட்டத் தேவையில்லை. உளி பட்டால் எதிர்த்து நிற்கும் பாறை இது என்ற உணர்வு வந்தால் போதும்.

வரைவதற்கான இடத்தைத் தேடியதில் நான் பார்த்தது வெளிச்சத்தை மட்டுமே. காலையில் நகரப் பக்கத்திலிருந்து பார்த்தால் வெயில் எதிரே வருகிறது. மலை ஒரே தட்டையான நிழலாகத் தெரிகிறது. உருவம் தெளிவாக இருக்கும், பாறை இருக்காது. உச்சிவெயிலில் எல்லாம் வெளுத்துப்போகும். மாலையில் சூரியன் இறங்கி, வெயில் பாறையின் முகத்தில் சாய்வாக விழும்போதுதான் மத்தகத்தின் வளைவும் முதுகின் இறக்கமும் பிரிகின்றன. அப்போதுதான் அந்தக் கறுப்புத் தாரைகளும் தெரிகின்றன. மழைநீர் ஆண்டாண்டாக ஒரே தடத்தில் வழிந்து, அந்தத் தடத்தில் பாசியினங்கள் படர்ந்து காய்ந்து கறுத்து, உச்சியிலிருந்து நெடுக இறங்கும் கோடுகள் அவை. யானைமலையின் புகைப்படங்களில் பெரும்பாலும் அவை கண்ணில் படுவதில்லை, நாம் உருவத்தையே தேடுவதால். எனக்கோ அவைதான் மலையின் முகம். படத்தின் உயிர் அங்கே இருக்க வேண்டும் என்று வயல் வரப்பில் நின்றபடியே முடிவு செய்துவிட்டேன்.

கூரையாகக் கவிந்திருக்கும் அந்த வளைவுகளுக்கும் காரணம் உண்டு. இத்தகைய பாறை மேல்சுமை நீங்க நீங்க, தகடு தகடாக உரிகிறது. கூர்மையான முனைகள் முதலில் போய்விடுகின்றன, எஞ்சுவது உருண்டை. இது தெரிந்தால் கை தானாகவே கூர்முனை போடுவதைத் தவிர்க்கும். எங்கே ஒரு தகடு உரிந்து விளிம்பு நிற்கிறதோ அங்கே மட்டும் ஒரு கறாரான நிழல்கோடு, மற்ற இடமெல்லாம் மெல்லத் திரும்பும் வளைவு.

அடுத்து நூலின் உடல். இரட்டைப் பக்கப் படத்தில் நடுமடிப்பு எதை விழுங்கும் என்று முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். மத்தகம் ஒரு பக்கத்தில் முழுமையாக நிற்க, மடிப்பு முதுகின் நீண்ட சரிவில் விழும்படி அமைத்தேன். அங்கே சில மில்லிமீட்டர் மறைந்தாலும் நட்டமில்லை. இன்னொன்றும் உண்டு. ஒரே பெரிய தாளில் அச்சடித்து மடிக்கும் 16 பக்கப் பாரத்தில் 8, 9 ஆகிய இரண்டு பக்கங்கள் மட்டுமே தாளில் உண்மையாகவே அடுத்தடுத்து அச்சாகின்றன. மற்ற எந்த இரட்டைப் பக்கமானாலும் இடப்பாதி ஓரிடத்திலும் வலப்பாதி வேறிடத்திலும் அச்சாகி, பைண்டிங்கில்தான் ஒன்றுசேரும். மை அடர்த்தி கொஞ்சம் மாறினால் யானையின் பாதி உடல் வெளிறிவிடும், மடிப்பு இம்மி விலகினால் முதுகு ஒடிந்துவிடும். பதிப்பாளரிடம் சொல்லி, முன்பக்கங்களில் ஒரு வெற்றுத்தாளைச் சேர்த்து, அத்தியாயத்தைத் தள்ளி, படத்தைப் பாரத்தின் நடுவுக்குக் கொண்டுவந்தோம். முதுகைச் சீவிப் பசை தடவும் பைண்டிங் வேண்டாம், பாரம் பாரமாகத் தைத்துவிடலாம் என்று அவரே முன்வந்து சொன்னார். நல்ல பதிப்பாளர் கிடைப்பது ஓவியருக்குப் பெரிய கொடுப்பினை.

அசலை அச்சளவைப்போல ஒன்றரை மடங்கு வரைந்தேன். அச்சில் அகலம் 11 அங்குலம் என்றால் தாளில் 16.5 அங்குலம். சிறிதாக்கும்போது தூரிகையின் நடுக்கங்கள் அடங்கி படம் இறுகும். இரண்டு மடங்குக்கு மேல் போனால் நுணுக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அடைத்துக்கொள்ளும். தாள் 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாள், மிதமான சொரசொரப்பு. நனைத்து, பலகையில் விரித்து, நான்கு பக்கமும் பசை நாடா ஒட்டி நிழலில் காயவைத்தேன். இப்படி இழுத்துக் கட்டாவிட்டால் பெரிய வாஷ் போடும்போது தாள் அலை அலையாகத் தூக்கிக்கொள்ளும், மை பள்ளங்களில் தேங்கும்.

மை விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. புட்டியில் வரும் இந்தியன் இங்க் அரக்குச் சேர்ந்தது. காய்ந்தால் தண்ணீருக்கு அசையாது, முழுக் கறுப்புக்கு அதைவிடச் சிறந்தது வேறில்லை. ஆனால் மிகவும் நீர்த்தால் திரிதிரியாகப் பிரிய வாய்ப்புண்டு. மெல்லிய சாம்பல்களுக்குச் சீன மைக்கட்டியே மேல். புகைக்கரியும் விலங்குப் பசையும் சேர்த்து இறுக்கிய கட்டி. கல்லில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, அழுத்தாமல், மெதுவாக வட்டமாகத் தேய்க்க வேண்டும். அவசரப்பட்டால் கரி மணிமணியாக உதிரும். பொறுமையாகத் தேய்த்த மை எவ்வளவு நீர்த்தாலும் பட்டாக விரிகிறது.

தண்ணீரையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு நீர். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து கரித்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். வாஷ் காயும்போது பொடிப்பொடியாகத் தெரியும். பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு ஊற்ற விற்கும் வாலை வடிநீரை வாங்கி வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை. அமிலம் கலந்ததும் பக்கத்திலேயே விற்கும், லேபிளைப் படித்து வாங்குங்கள். நான்கு டோன்களையும் முன்கூட்டியே நான்கு வெள்ளைப் பீங்கான் கிண்ணங்களில் கலந்து வைத்தேன். எவர்சில்வர் கிண்ணம் வேண்டாம், அதன் மினுக்கத்தில் சாயல் தெரியாது. ஈரத்தில் தெரியும் சாயல் காய்ந்ததும் ஒரு படி வெளுக்கும் என்பதால், ஒவ்வொன்றையும் அதே தாளின் துண்டில் தடவி, காயவிட்டு, அச்சான கட்டங்களோடு வைத்துச் சரிபார்த்த பிறகுதான் தொடங்கினேன்.

வானம் ஒரே மூச்சில் முடிந்தது. பலகையைச் சற்றுச் சாய்த்து, தாள் முழுவதும் தண்ணீர் பூசி, மேலே முதல் டோனை (நான்கில் மிக வெளிறியது) விட்டுக் கீழே வரவர வெறும் தண்ணீராக இழுத்தேன். மலைக்குப் பின்னால் வானம் தாளின் வெண்மையாகவே முடிகிறது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, விடிந்ததும் வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது. மதுரை வெயில் ஏறிவிட்டால் வாஷின் ஒரு முனை வரும்முன் மறுமுனை காய்ந்து கோடு விழும்.

வானம் நன்றாகக் காய்ந்தபின் மலையின் முழு உருவத்துக்கும் இரண்டாம் டோன். வெயில் படும் மத்தகத்தின் மேல்விளிம்பை மட்டும் தொடாமல் விட்டேன். அது காய்ந்ததும் திரும்பும் வளைவுகளுக்கு மூன்றாம் டோன். ஒரு பக்க விளிம்பைக் கறாராக விட்டு, மறுபக்கத்தைச் சுத்தமான ஈரத் தூரிகையால் கரைத்தேன். இது வாஷின் அரிச்சுவடி, நீட்டிச் சொல்ல ஏதுமில்லை.

தாரைகளுக்கு வருவோம். தூரிகையால் கோடு இழுத்தால் அவை வெறும் பட்டைகளாகிவிடும். பாறையில் நீர் செய்த வேலையைத் தாளிலும் நீரே செய்யட்டும் என்று விட்டேன். சரிவின் ஒரு பகுதியை மட்டும் நனைத்து, பலகையைக் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக நிறுத்தி, தாளின் பளபளப்பு அடங்கும் அந்த நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும். பளபளப்பு இருக்கும்போதே மை விட்டால் புகையாகப் பரவிவிடும். முற்றிலும் காய்ந்தபின் விட்டால் விளிம்பு கட்டிய கோடாகும். இடைப்பட்ட அந்தச் சிறு பொழுதில், நான்காம் டோனை நிரப்பிய தூரிகையின் நுனியை உச்சியில் தொட்டு நிறுத்தினால், துளி திரண்டு, கனம் தாங்காமல் தானே கீழே இறங்குகிறது. தாளின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப ஓரிடத்தில் தயங்கி, ஓரிடத்தில் கிளைத்து, போகப்போக மெலிகிறது. கீழே தேங்கும் துளியைப் பிழிந்த தூரிகையால் உடனே உறிஞ்சிவிட வேண்டும். விட்டுவைத்தால் அது மேல்நோக்கி ஊறிப் பூக்கோசு விளிம்பு போட்டுவிடும். ஒரு தாரை முடிந்து, காய்ந்து, அடுத்தது. அருகருகே இரண்டை ஒரே நேரத்தில் விடக் கூடாது, ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். வரப்பில் எடுத்த பென்சில் குறிப்பில் எந்தெந்த இடத்தில் தாரை அடர்ந்து, எங்கே இல்லாமல் இருந்தது என்று குறித்திருந்தேன். அந்த இடைவெளிகளைக் காப்பாற்றியதால்தான் பாறை அகலமாகத் தெரிகிறது.

அடிவாரத்துத் தோப்பை ஒரே மூன்றாம் டோனில் விளிம்பு கலைத்துப் போட்டு முடித்தேன். அங்கே மரம் மரமாகப் பிரித்துக் காட்டினால் மலை சிறுத்துவிடும். முன்னால் பெரியாறு பாசனத்து வயல், நடவுக்கு நீர் கட்டியது. அந்த நீர்ப்பரப்பு முழுவதும் தொடப்படாத தாள். வரப்புகளுக்கு முந்தைய நாள் தேய்த்து மிஞ்சிய மையைப் பயன்படுத்தினேன். ஓரிரவு கடந்த மையில் பசை தளர்ந்து கரி திரளும். வானத்துக்கு உதவாது, மண்ணின் சொரசொரப்புக்கு அதுவே பொருத்தம். கடைசியாக இரண்டு பனைகள், இந்தியன் இங்கில், ஈரம் வடிந்த தூரிகையால். படம் முழுவதிலும் முழுக் கறுப்பு அங்கு மட்டும்தான். அந்தக் கறுப்பு முன்னால் நிற்பதால் மலையின் நான்காம் டோன் தொலைவுக்குப் போய்விடுகிறது.

ஏ3 ஸ்கேனரில் 600 டிபிஐ, 16 பிட் கிரேஸ்கேலில் எடுத்தோம். ஸ்கேனரின் விளக்கு ஒருபக்கமாக வருவதால் தாளின் மேடுகள் நிழல் போடும். தாளைத் தலைகீழாகத் திருப்பி இன்னொரு முறை எடுத்து இரண்டையும் கலந்தால் அந்த நிழல் பெரிதும் அடங்கிவிடுகிறது. பிறகு புள்ளி வீங்குவதை ஈடுகட்ட நடுச் சாம்பலை 35 சதவீதத்தை ஒட்டி இறக்கினேன். அடர்ந்த பகுதிகளை 90 சதவீதத்துக்குள் நிறுத்தினேன், பனைகளைத் தவிர. வயல்நீரிலும் மத்தக விளிம்பிலும் ஒரு புள்ளிகூட இல்லாமல் சுழியாக்கினேன். அங்கே ஒன்றிரண்டு சதவீதம் மிஞ்சினாலும் தாள் அழுக்கானதுபோலத் தெரியும். கோப்பு கறுப்பு ஒன்றில் மட்டும் இருக்க வேண்டும். நான்கு நிறக் கறுப்பாக அனுப்பிவிட்டால் அச்சகத்தில் தலைவலி. புள்ளிகளின் நெருக்கத்தைக் குறிக்கும் ஸ்கிரீன் அங்குலத்துக்கு 133 லைன், புள்ளி வரிசையின் கோணம் 45 பாகை.

அச்சன்று நேரில் போனேன். போகத்தான் வேண்டும். ஒரே பாரத்தில் எழுத்துப் பக்கங்களும் படமும் இருக்கின்றன. எழுத்துக்கு மை தடிப்பாக வேண்டும், படத்துக்கு மெலிவாக வேண்டும். வழக்கமான அடர்த்தியில் ஓடிய முதல் தாள்களில் தாரைகளும் பாறையும் ஒன்றாகியிருந்தன. மெஷின் ஓட்டுபவர் படம் வரும் பகுதியின் மைத் திருகுகளை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிக்கொண்டே வந்தார். அந்த வரிசையில் வரும் எழுத்துப் பக்கங்கள் வெளிறாமல் இருக்கின்றனவா என்று நூலாசிரியர் படித்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். எழுத்தும் கெடாமல் தாரைகளும் பிரிந்து நின்ற தாளில் மூவரும் கையெழுத்திட்டோம். அதை மேசையில் ஒட்டிவைத்து, மீதி ஓட்டம் முழுவதும் அதனோடு ஒப்பிட்டே ஓட்டினார்கள்.

அடுத்தது கீழக்குயில்குடிச் சமணர்மலை. அச்சான கட்டங்கள் கைவசம் இருப்பதால் தாளைப் பற்றிய கவலை இனி இல்லை. அங்கே அடிவாரத்தில் தாமரைக்குளமும் ஆலமரமும் இருக்கின்றன. இலைகள் மூடிய நீரை நான்கு சாம்பலில் எப்படிப் பிரிப்பது என்று சிறு துண்டுத் தாள்களில் இப்போது முயன்றுகொண்டிருக்கிறேன். இலைக்கு முதல் டோனும் நீருக்கு மூன்றாம் டோனும் ஒத்துவரும் என்று தோன்றுகிறது.